வழிவிட்ட வீடு

உடுமலைப்பேட்டைக்காரர்களுக்கு முகத்துக்கு நேராக ‘முடியாது’ என்று சொல்ல வராது. பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே யாருக்கும் தெரிந்துவிடுகிற விஷயம் இது. மங்கையர்க்கரசியின் ஆய்வுக்கூடம் இதைத் தெரிந்துகொள்ள இரண்டு வருடம் எடுத்துக்கொண்டது. தெரிந்துகொண்ட பிறகும் அதைத் தன் கண்டுபிடிப்பின் வெற்றி என்றுதான் நினைத்தது.

அது காற்றில் இடமில்லாமல் போன காலம். கைபேசி மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். தோட்டத்து மோட்டார், தெருவிளக்கு, ஓட்டுநர் இல்லாத பேருந்து, நாயின் கழுத்துப்பட்டை, நோயாளியின் கைப்பட்டை என்று எல்லாமே கம்பியில்லாமல் பேச ஆரம்பித்துவிட்டன. பேசுவதற்கு இருந்த அலைவரிசையோ அதேதான். அதை இழுத்துப் பெரிதாக்க எந்த அரசாலும் முடியாது. நெரிசல் வந்தால் யாரை முதலில் விடுவது, யாரை நிறுத்துவது? கணினியிடம் விட்டுப் பார்த்தார்கள். இயந்திரம் எங்களை ஒதுக்குகிறது என்று ஊர்வலம் கிளம்பியது. ஏலம் விட்டுப் பார்த்தார்கள். பணக்காரர் வீட்டு நாய் பேசியது, ஏழை வீட்டு மனிதர் காத்திருந்தார்.

அரசி ஒரு யோசனை சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் அவளுடைய முழுப்பெயரைச் சொல்லப் பொறுமை இல்லாததால் அவள் வெறும் அரசி. மனிதர்களிடமே கேட்டுவிடலாமே என்றாள். நெரிசல் வரும்போது ஏதாவது ஒரு வீட்டின் சுவர்ப்பெட்டி பேசும்: “உங்களைவிட அவசரமான ஒருவர் காத்திருக்கிறார். சற்று வழிவிட முடியுமா?” முடியும் என்றால் அந்த வீட்டுக்கு உரிய அலைப்பங்கு கொஞ்ச நேரத்துக்கு அந்த ஒருவருக்குப் போகும். முடியாது என்றால் பெட்டி நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டைக் கேட்கும். கட்டாயம் கிடையாது, அபராதமும் கிடையாது. திட்டத்துக்கு ‘வழிவிடு’ என்று பெயர் வைத்து உடுமலையில் வெள்ளோட்டம் விட்டார்கள்.

ஊர் வழிவிட்டது. கேட்கக் கேட்க வழிவிட்டது. “அதுக்கென்னங்க, பேசட்டும்.” “பரவாலீங்க, நம்முளுது மெதுவா போவட்டும்.” சுவரில் மாட்டிய பெட்டிக்குக்கூட ‘ங்க’ போட்டுப் பதில் சொன்ன குரல்களைக் கேட்டு ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அரசியும் சிரித்தாள். சிரித்ததோடு விட்டிருந்தால் தேவலை. மறுக்கிற வீடுகளைக் கேட்டு நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும், எப்போதும் சம்மதிக்கிற வீடுகளை முதலில் கேட்கலாமே என்று ஒரு திருத்தத்தையும் எழுதிச் சேர்த்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இணக்கப் புள்ளி. வழிவிட்டால் புள்ளி ஏறும். புள்ளி ஏறினால் அடுத்த முறை அந்த வீட்டைத்தான் முதலில் கேட்கும். நல்லவர்களுக்குப் பரிசு கொடுப்பது போலத்தான் அது அப்போது தோன்றியது.

டில்லியிலிருந்து குழு வந்து பார்த்தது, பாராட்டியது. மாநிலம் முழுவதும் கொண்டுவர நாள் குறிக்கிற பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தத் தகவல் வந்தது. உடுமலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாச்சிமுத்து என்பவருக்குப் பக்கவாதம். அவர் கையில் கட்டியிருந்த பட்டை இதயம் தாறுமாறாகத் துடிப்பதைக் கண்டுபிடித்து மருத்துவமனையைக் கூப்பிட்டிருக்கிறது. மதியம் தொடங்கிச் சாயங்காலம் வரை கூப்பிட்டிருக்கிறது. போய்ச் சேரவில்லை. அந்த நேரமெல்லாம் அந்த வீட்டின் அலைப்பங்கு வேறு யாருக்கோ வழிவிட்டிருந்தது.

“ஒரே வீட்டை ஒரு மத்தியானம் பூரா திரும்பத் திரும்பக் கேட்டிருக்கு,” என்றார் அரசியின் மேலதிகாரி கோதண்டபாணி. “இது இயல்பா நடக்கிற காரியம் இல்ல. எவனோ பொய் அவசரம் காட்டி உள்ள புகுந்திருக்கான்.”

“எனக்கும் அதான் சார் தோணுது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, ஆஸ்பத்திரி, இவங்ககிட்ட மட்டும்தான் அவசர முத்திரை இருக்கணும். அது இருந்தாத்தான் பெட்டி அடுத்த வீட்டை எழுப்பிக் கேட்கும். எவனோ முத்திரையைக் கள்ளத்தனமா அடிச்சிருக்கான்.”

“பிடிச்சிடுவியா?”

“அதுக்குத்தானே சார் சம்பளம் வாங்குறேன்.”

“பிடி. அதுக்கு முன்னாடி அந்த வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை வாங்கிட்டு வந்துடு. யாரும் கட்டாயப்படுத்தல, மனசாரத்தான் வழிவிட்டேன்னு அவங்க குரல்ல வேணும். திருடன் மேல பழி வரட்டும். திட்டத்து மேல வரக் கூடாது.”

அரசிக்குத் திருடன் பிடிப்பது பிடித்த வேலை. அலைவரிசைப் பங்கீட்டுக்கு வருவதற்கு முன் வலைப்பின்னல் பாதுகாப்பில்தான் பேர் எடுத்தாள். பாவப்பட்ட ஒரு குடும்பத்தின் காற்றைத் திருடியவன் என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கோபமும், உண்மையைச் சொன்னால் ஓர் உற்சாகமும் வந்தது.

உற்சாகத்தோடுதான் உடுமலைக்கு வந்து இறங்கினாள். வண்டி எடுத்துக்கொண்டு காத்திருந்தவன் பூபதி. உள்ளூர்க்காரன், வெள்ளோட்டம் தொடங்கிய நாளிலிருந்து இங்கே கோபுரங்களைக் கவனித்துக்கொள்கிற பொறியாளன். தென்னந்தோப்புகளுக்கு நடுவே வண்டி போனது. தோப்புகளுக்கு மேலே காற்றாலைகள் அவசரமில்லாமல் சுற்றின.

“இந்தக் காற்றாலைக் கம்பெனிகள்ல ஒண்ணா இருக்குமோ பூபதி? ஒவ்வொரு இறக்கையும் நொடிக்கு நொடி தகவல் அனுப்புது. அவங்களுக்குத்தான் பங்கு பத்தாது.”

“இருக்குமுங்க மேடம்.”

“இல்ல, மில்லா இருந்தா? இவரு வேலை பார்த்த மில்லே இவரு காத்தைத் திருடியிருந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு.”

“அதும் இருக்குமுங்க.”

“ரெண்டும் எப்படிய்யா இருக்கும்?”

பூபதி சாலையோரத்தில் இளநீர் விற்கிற ஒருவரைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினான். இளநீர் வாங்கி அவள் கையில் கொடுத்தான். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. எதிரே இருந்த புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“மேடம், அந்த முத்திரை யாருதுன்னு எனக்குத் தெரியுமுங்க.”

“தெரியுமா? எப்பலேருந்து?”

“போன வாரத்துல இருந்துங்க.”

“போன வாரமா! தெரிஞ்சுமா நேத்து வரைக்கும் ஃபோன்ல நான் சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போட்டுட்டு இருந்தே?”

“எப்படிங்க மேடம் மூஞ்சிக்கு நேரா சொல்றது.” அவன் காது சிவந்துவிட்டது. “டில்லிக்காரங்க வந்த அன்னிக்குங்க. கல்யாண மண்டபத்துல வள்ளி கும்மி காட்டுனோமில்லீங்க. அன்னிக்குத்தானுங்க அவருக்கு அப்படி ஆனது.”

அரசிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் இளநீரைக் கீழே வைக்கவா கையிலேயே வைத்திருக்கவா என்று தெரியாமல் போயிற்று.

அன்று பொள்ளாச்சியில் பெண்கள் வள்ளி கும்மி ஆடினார்கள். அது உடுமலை மண்டபத்து மேடையில் ஒளி உருவங்களாக வந்து இறங்கியது. ஊரே நெரிசலில் இருக்கும் வேளையில்கூட இத்தனை பெரிய காட்சியைச் சிந்தாமல் கொண்டுவர முடியும் என்று காட்டத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் காட்சி சிந்தியது. பாட்டு விக்கியது. ஒரு பெண்ணின் கை மட்டும் மேடையில் தனியாக நின்று தட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து உதட்டோரம் சிரித்தார். அந்தச் சிரிப்பு அரசிக்குச் சுரீரென்றது. இரண்டு வருட உழைப்பு இப்படிச் சந்தி சிரிக்க வேண்டுமா என்று உடம்பு கூசியது. ஆய்வுக்கூடத்தில் சோதனைக்கென்று அடித்து வைத்திருந்த அவசர முத்திரை ஒன்று அவளிடம் இருந்தது. அதை எடுத்துக் கும்மியின் மேல் வைத்தாள்.

கை உடம்போடு சேர்ந்தது. பாட்டு ஓடியது. டில்லிக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பிறகு சாப்பாடு, பேச்சு, படம் எடுத்துக்கொள்வது என்று பொழுது போனது. அவர்கள் மேடை ஒளியிலேயே தங்கள் வீட்டாரோடு பேசிப் பார்த்துக் குழந்தைகளைப்போலக் குதித்தார்கள். சாயங்காலம் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்துதான் முத்திரையை எடுத்தாள். எடுத்ததும் அதை மறந்தும் போனாள். மறக்கக்கூடிய அளவுக்குச் சின்ன விஷயமாக இருந்தது அது.

“அந்த ஒரு வீட்டை மட்டுமா கேட்டுது?” என்றாள். குரல் எங்கோ கீழே போயிருந்தது.

“நெறைய ஊட்டைக் கேட்டுதுங்க. மத்தவங்க ஒருக்கா உட்டாங்க, அப்புறம் முடியாதுன்னுட்டாங்க. இவங்க ஊடு உட்டுக்கிட்டே இருந்துதுங்க. இணக்கப் புள்ளியில ஊருக்கே மொதல் ஊடு இதானுங்க. அதனால மறுக்கா மறுக்கா இங்கியே வந்துதுங்க.”

இளநீர்க்காரர், “குடிங்க அம்முணி, சூடாயிரும்” என்றார். அந்த மனிதரின் முகத்தைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது என்று தெரிந்தும் முடியவில்லை. திருடனைப் பிடிக்கப் போகிறேன் என்று நேற்று தன் வீட்டில் சொன்னது, கோதண்டபாணியிடம் பேசிய வீராப்பு, வழியெல்லாம் பூபதியிடம் அளந்தது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து முகத்தில் அறைந்தன. இவன் ஒரு வாரமாக என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பான் என்று எண்ணினாள். மனிதர் படுத்துவிட்டார், அந்த எண்ணமல்லவா முதலில் வந்திருக்க வேண்டும் என்று உறைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

“வண்டியைத் திருப்பிரலாமுங்களா மேடம்? இன்னொரு நாளைக்கு வந்துக்கலாம்,” என்றான் பூபதி. அவளைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்டான்.

திருப்பு என்று சொல்ல நாக்கு துடித்தது. “வேண்டாம், போ. நான் அவங்ககிட்ட சொல்லிடப் போறேன்.”

“சொல்லீட்டீங்கன்னா உங்க வேலைங்க...”

“போனாப் போகட்டும்.”

அதைச் சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது. சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று அவள் நம்பினாள்.

தோப்புக்குள் ஒரு சின்ன ஓட்டு வீடு. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதுமே நாச்சிமுத்துவின் மனைவி துளசிமணி வெளியே வந்துவிட்டாள். அறுபது வயது இருக்கும். “வாங்க, வாங்க கண்ணு, வெய்யில்ல வந்திருக்கீங்க” என்று உள்ளே அழைத்து, மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி, தண்ணீர் கொடுத்து, வேண்டாம் என்று சொல்வதற்குள் காபியும் கொண்டுவந்தாள். இவர் அரசி மேடம், வலைப்பின்னல் அலுவலகத்திலிருந்து வருகிறோம் என்று பூபதி சொன்னதும் அவள் முகம் மாறியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். அரசி நாற்காலியிலிருந்து இறங்கித் தானும் தரையில் உட்கார்ந்தாள்.

“தப்பு என்னுதுதானுங்க,” என்றாள் துளசிமணி, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. “பொட்டி நல்லாத்தான் கேட்டுதுங்க. முடியுமா முடியாதான்னு. நாந்தான் முடியாதுன்னு சொல்லியிருக்கோணும்.”

“உங்க தப்பு இல்லம்மா.”

“அன்னிக்கு என்ற தங்கச்சிகூட ஃபோன்ல பேசிக்கிட்டிருந்தனுங்க. அதைத்தான் நிறுத்தச் சொல்லுதுன்னு நெனைச்சேன். இவுரு கைப்பட்டையும் அதே பங்குல போவுதுன்னு எனக்கு எங்கீங்க தெரியும்? பட்டை பாவம், கூப்பிட்டுக்கிட்டே கெடந்திருக்குது.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “திருப்பூர்ல இருக்கற என்ற பொண்ணுக்கு இது தெரியாதுங்க. பட்டையில கோளாறுன்னு சொல்லிவெச்சிருக்கேன். பொட்டி கேட்டு அம்மா உட்டுட்டான்னு தெரிஞ்சா அவ என்ற மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. நீங்க ஒண்ணும் அவளுக்குச் சொல்லிப்போட மாட்டீங்களே?”

தப்பு செய்யாதவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தப்பு செய்தவளுக்குக் காபி கொடுத்து உபசரிப்பு. அரசிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“அம்மா, உங்ககிட்ட வழி கேட்ட அந்த அவசரக்காரி நான்தான்.”

துளசிமணிக்குப் புரியவில்லை. அரசி சொன்னாள். மண்டபம், டில்லிக்காரர்கள், விக்கிய பாட்டு, முத்திரை, இணக்கப் புள்ளி, அந்தப் புள்ளியைத் தானே எழுதிச் சேர்த்தது எல்லாவற்றையும் சொன்னாள். அழக் கூடாது, அழுதால் இந்த அம்மாள் தன்னைத் தேற்ற வந்துவிடுவாள் என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“அப்ப யாருக்கும் உசுருக்கு ஒண்ணும் இல்லீங்களா?”

“இல்லம்மா.”

“கும்மி பாக்கறதுக்குங்களா?”

“ஆமாம்மா.”

துளசிமணி எழுந்து பின்கட்டுக்குப் போனாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பூபதி தன் செருப்பைப் பார்க்கிற சாக்கில் வாசலுக்குப் போய்விட்டான். அந்த நேரம் பார்த்துக் கோதண்டபாணி கூப்பிட்டார்.

“வாங்கிட்டியா அரசி?”

“திருடனைப் பிடிச்சிட்டேன் சார். நான்தான். நம்ம சோதனை முத்திரை. கும்மிக்கு வச்சேனே, அது.”

மறுமுனையில் குரல் தாழ்ந்தது. “வேற யாருக்குத் தெரியும்?”

“இப்ப இந்த அம்மாவுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியணும் சார். நான் எழுதப் போறேன்.”

“அவசரப்படாதே. இங்க பாரு, அந்த அம்மா சரின்னு சொன்னாங்களா இல்லையா? நீ வச்ச முத்திரை கேட்கத்தானே செஞ்சது? பிடுங்கிக்கலையே? சம்மதம்னா சம்மதம்தான்.”

“அவங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வராது சார். அது தெரிஞ்சுதான் நான் அவங்களையே முதல்ல கேட்க வச்சேன். அதுக்குப் பேரு சம்மதம் இல்ல.”

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அரசி வாழ்க்கையில் முதல் முறையாக மேலதிகாரியின் பேச்சைப் பாதியில் துண்டித்தாள்.

துளசிமணி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

“உங்களை நாலு வார்த்தை நல்லாக் கேக்கோணும்னுதானுங்க வந்தேன். பொறவால குழாய்கிட்ட நின்னு சொல்லிக்கூடப் பாத்துக்கிட்டேன். மூஞ்சியப் பாத்தா வாயில வரமாட்டீங்குது.”

“கேளுங்கம்மா. தயவுசெஞ்சு கேளுங்க.”

“வரலீங்க.”

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அரசிக்குத் தோன்றியது. காறித் துப்பியிருந்தாலும் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. “எல்லாத்தையும் எழுதப் போறேம்மா,” என்றாள். “என் பேரோட. இந்தத் திட்டம் வேற ஊருக்குப் போகாம நிறுத்தணும். பத்திரிகையில வரும். உங்க பொண்ணுக்கும் தெரியும், தப்பு உங்களது இல்லன்னு.”

“எழுதுங்க கண்ணு. நாலு ஊட்டுக்காவது நல்லது. பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன்.” துளசிமணி உள் அறைக் கதவைப் பார்த்தாள். அது ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அரசியின் அருகில் நகர்ந்து வந்து குசுகுசுவென்று பேசினாள். “ஆனா இந்த ஊட்டுக்குள்ள மட்டும் வேண்டாமுங்க. அவுருக்குத் தெரியக் கூடாது.”

“ஏம்மா?”

“மொத ரெண்டு தடவை நானாத்தான் உட்டனுங்க. மூணாந்தடவை கேட்டப்ப எனக்கே ஒரு மாதிரி இருந்துது. முடியாதுன்னு சொல்லிப்போடலாம்னுதான் வாயைத் தொறந்தேன். இவுரு காதுக்குத்தான் பொட்டிச் சத்தத்தை ஏத்தி வெச்சிருக்கறமே, நெஞ்சு படபடங்குதுன்னு படுத்திருந்தவரு அது கேட்டு உள்ளே இருந்து சத்தம் போட்டாருங்க. ‘உடு புள்ள, பாவம், யாருக்கு என்ன ஆவத்தோ. நாம்ப சித்த நேரம் பேசாட்டி என்ன, குடியா முழுகிப்போயிரும்’னு. அதுக்கப்புறம் ஒவ்வொருக்கா கேக்கறப்பவும் அவுருதானுங்க உடச் சொன்னாரு. அதான் அவரு நல்லா பேசுன கடைசிப் பேச்சு.”

அரசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இப்ப வாய் கொழறுதுங்க. எனக்கு மட்டும்தான் வெளங்கும். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் மொதல்ல கேட்டது என்னன்னு நெனைக்கறீங்க? அந்த ஆளு பொழைச்சுட்டாங்களான்னு. நான் என்னன்னு சொல்றது? மலை மேல ஒரு புள்ளத்தாச்சியாமா, நாம்ப வழி உட்டதுல டாக்டரு பேச முடிஞ்சுதாமா, தாயும் புள்ளையும் ரெண்டு உசுரும் பொழைச்சுதுன்னு சொல்லிப்போட்டேன். அன்னிக்கு மூஞ்சியில ஒரு தெளிவு வந்துது பாருங்க. கையும் காலும் போச்சுதேன்னு ஒரு நாளு கலங்கலீங்க மனுசன். நிதமும் அந்தக் கொழந்தையைப் பத்தித்தான் கேக்கறாரு. எனக்கும் புதுசு புதுசா பொய் சொல்லி மாளலை. ஆணா பொண்ணான்னு மட்டும் தெரியாதுன்னுட்டேன். நீங்க ஆப்பீசருங்க. நீங்க ஒருக்கா வந்து, ஆமா, நல்லா இருக்காங்கன்னு சொன்னா நம்புவாரு.”

“என்னால அவர்கிட்ட போய்ப் பொய் சொல்ல முடியாதும்மா. உண்மையைச் சொல்லத்தான் வந்தேன்.”

“முடியாதுங்களா?” என்றாள் துளசிமணி. குத்திக் காட்டும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. கேட்டதே தப்போ என்பது போல, கூச்சத்தோடு கேட்டாள்.

ஊருக்கெல்லாம் சொல்லலாம், பத்திரிகையில் போடலாம், வேலையை விட்டெறியலாம். யாருடைய மூச்சைத் தான் எடுத்துக்கொண்டாளோ அந்த மனிதரிடம் மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அவரிடம் மிச்சம் இருப்பதையும் பிடுங்கியவள் ஆவாள். அரசி எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“வரேம்மா.”

நாச்சிமுத்து ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். சவரம் செய்து, திருநீறு இட்டு, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். முகம் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. இடது கை மடியில் கிடந்தது. அதில் இன்னமும் பட்டை கட்டியிருந்தது. பச்சை விளக்கு ஒழுங்காக மினுங்கியது. மனைவி அவர் காதருகே குனிந்து, “பொட்டி ஆப்பீசுல இருந்து வந்திருக்காங்க, பெரிய ஆப்பீசரு” என்று உரக்கச் சொன்னாள். மில் இரைச்சலில் போன காது. அவர் உடனே எழுந்திருக்க முயன்றார். முடியாமல், நல்ல கையை மட்டும் நெற்றிவரை கொண்டுபோய் வணக்கம் வைத்தார்.

அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள அரசியால் முடியவில்லை. திரும்ப வணங்கினாள்.

அவர் ஏதோ கேட்டார். சொற்கள் வாயோரம் நனைந்து குழைந்து வந்தன.

“தாயும் புள்ளையும் சௌக்கியமான்னு கேக்கறாருங்க,” என்றாள் துளசிமணி, அரசியைப் பார்க்காமல்.

“நல்லா இருக்காங்கய்யா,” என்றாள் அரசி. காது கேட்காதே என்று இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. “ரொம்ப நல்லா இருக்காங்க!”

மறுபடி கேட்டார்.

“பையனா, பொட்டப்புள்ளையான்னு...”

“பொண்ணுங்கய்யா.”

அவருடைய முகத்தின் நல்ல பாதி மலர்ந்தது. நான் பெண் குழந்தை என்றுதானே நினைத்தேன் என்பது போல மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு அரசியிடம் திரும்பி ஒரே ஒரு சொல் கேட்டார். அது மட்டும் அவளுக்கே புரிந்தது.

“பேரு?”

சொல்வதற்கு ஆயிரம் பெயர் இருந்தது. எந்தப் பெயரை வைத்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஆனாலும் இல்லாத ஒரு குழந்தையின் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இந்த வீட்டில் அவளால் சொல்ல முடிந்த ஒரே உண்மை தன் பெயர்தான் என்று பட்டது.

“அரசிங்கய்யா.”

துளசிமணி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். வாசலிலிருந்து வந்து கதவருகே நின்றிருந்த பூபதி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாச்சிமுத்து அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். நடுவில் இருந்த எழுத்து அவருக்கு அகப்படவில்லை. விடாமல் மறுபடி முயன்றார். பாதி வந்தது. அதுவே போதும் என்று திருப்திப்பட்டு, நல்ல கையை உயர்த்தி எங்கோ மலைப் பக்கம் இருக்கிற அந்தக் குழந்தையை ஆசீர்வதித்தார். அப்புறம் மனைவியிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. துளசிமணி அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

“என்னம்மா சொல்றாரு?”

“அந்தப் புள்ளையை...” துளசிமணி அவருடைய தலையணையைச் சரிசெய்தாள். “அந்தப் புள்ளையை ஒரு நாளைக்குக் கூட்டியாந்து கண்ணுல காட்டச் சொல்றாருங்க. முடியுமான்னு கேக்கறாரு.”

அவர் அரசியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் என்ன வருமோ என்று அவருடைய நல்ல கை போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“கூட்டிட்டு வரேங்கய்யா,” என்றாள் அரசி, அவர் எதிரே நின்றுகொண்டு.